பங்குனிக் கடைசியில் காலியான பட்டணம் (போர்க்கால வீடுகள் – 7)

சிங்கப்பூர் விழுந்த இடத்தில் சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். 1942 பிப்ரவரி 15-ல் எண்பதாயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வாரம்கூட ஆகவில்லை. வங்கக் கடலின் கரைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. மார்ச் 8-ல் ரங்கூன் போயிற்று. மார்ச் 23-ல் அந்தமான் போயிற்று. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. ஏப்ரல் 9-ல் திருகோணமலை. இவற்றில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அன்றைக்குச் சென்னை மாகாணத்து ஊர்கள். அதுவரை பத்திரிகையில் படித்துவிட்டு மடித்து வைக்கிற சங்கதியாக இருந்த யுத்தம், அந்தத் திங்கட்கிழமை நம் மாகாணத்துக்குள் வந்துவிட்டது.

தளபதிகளைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். இந்தப் பகுதியில் அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு வீடுகளுக்குள் போவோம். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தங்கசாலைத் தெருவிலும் மாம்பலத்திலும் அந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் ஓடியது: போவதா, இருப்பதா? போனால் யார் யார் போவது? வீட்டை யார் பார்த்துக்கொள்வது? சம்பளம் யார் கொண்டுவருவது?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய நிலையில் யாரும் இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நமக்குத் தெரிந்தவை எதுவும் அன்று அவர்களுக்குத் தெரியாது. ரேடியோப் பெட்டி இருந்த வீடுகள் சொற்பம். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டவை. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பழைய நினைவு மட்டும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. அப்போதும் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். ஆனால் எம்டன் ஒற்றைக் கப்பல், வந்ததும் ஒரே இரவு. இப்போது வருவதாகச் சொல்லப்பட்டது சிங்கப்பூரைப் பிடித்தவன். ரங்கூனில் முதல் குண்டு விழுந்த நாளில் என்ன நடந்தது என்பதை, கப்பலேறித் தப்பி வந்தவர்கள் துறைமுகத்தில் இறங்கியதுமே சொல்லிவிட்டார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள்தான் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்ற செய்தி சென்னையில் தெரியாத வீடு இல்லை.

நகரத்தில் முன்னேற்பாடுகள் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தன. ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டன்கள் தெருத் தெருவாக வந்தார்கள். தெருவிளக்குகளுக்கு மூடி போட்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். மோட்டார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். மைதானங்களில் பதுங்குகுழி வெட்டினார்கள். வாசலில் மணல் வாளி வைக்க வேண்டும். சங்கு எப்படி ஊதினால் அபாயம், எப்படி ஊதினால் அபாயம் நீங்கியது என்று வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஜனங்கள் செய்தார்கள். எதிரி வந்தால் இந்த மணல் வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற எண்ணமும் கூடவே இருந்திருக்கும்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மாகாண அரசாங்கமே பட்டணத்தை விட்டுக் கிளம்பியது. அப்போது கவர்னர் சர் ஆர்தர் ஹோப். தலைமைச் செயலகம் ஊட்டிக்குப் போயிற்று. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மற்ற இலாகாக்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. இங்கே இருந்தே தீரவேண்டிய வேலை இல்லாதவர்கள் வெளியேறிவிடுவது நல்லது என்று அறிவிப்பு வந்தது. மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலி, சிறுத்தை, கரடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த மிருகங்கள் அவை. சர்க்கார் அறிக்கையைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தின் அர்த்தம் புரிந்தது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊரில் இருக்கும் அரசாங்கம், எதிரிக் கப்பற்படை வரும் என்று நம்பினால், கோப்புகளை உள்நாட்டுக்கு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் தான் எதைக் கண்டு பயப்படுகிறது, எவ்வளவு நாளைக்கு, எந்தப் பகுதிக்கு ஆபத்து என்று சொல்லாமல் "முடிந்தவர்கள் போய்விடுங்கள்" என்று மட்டும் சொல்வது குடும்பங்களைக் கைவிடுவதுதான். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாப் பாரமும் வீட்டின் தலையில் வந்து விழுந்தது. ராஜாஜி இதைக் கடுமையாகக் கண்டித்தார். கரையோர ஜனங்களைக் காக்கும் பொறுப்பை ஏற்கத் தேசிய அரசாங்கம் வேண்டும் என்ற அவசரம் அவரைப் பிடித்து உலுக்கியது. ஏப்ரல் 23-ல் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியை அவர் நிறைவேற்றச் செய்த தீர்மானங்களும், அதனால் காங்கிரசுக்குள் ஏற்பட்ட பிளவும் தனிக் கதை.

1941 மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னையில் 7,77,481 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தச் சில வாரங்களில் வெளியேறினார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. தெற்கே போகிறவர்களுக்கு எழும்பூர், மேற்கே போகிறவர்களுக்குச் சென்ட்ரல். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டி பிடித்துச் செங்கல்பட்டுச் சாலையில் போனார்கள். ஜட்காக்காரர் கேட்டதுதான் வாடகை. டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், ஊறுகாய் ஜாடி, குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு சின்ன ஸ்டவ். வெண்கல அண்டாக்களையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு போக முடியாது; ஓர் அறையில் அடுக்கிப் பூட்டினார்கள், சிலர் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். நகைகளைப் பெண்கள் இடுப்பில் முடிந்துகொண்டார்கள். வீட்டுப் பத்திரமும் இன்ஷூரன்ஸ் காகிதமும் வயதில் மூத்தவரின் மடியில் இருந்தன.

ஆனால் இது ஒட்டுமொத்த ஓட்டம் அல்ல. அந்த வார முடிவுகளைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்குமுறை தெரிகிறது. குடும்பங்கள் தங்களைத் தாங்களே பிரித்துக்கொண்டன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் ஊருக்குப் போனார்கள். சம்பாதிக்கிறவர் பட்டணத்திலேயே இருந்தார். இரண்டு மகன்கள் இருந்தால் ஒருவர் கூடப் போனார், ஒருவர் இருந்தார். பணத்தையும் அப்படியே பிரித்தார்கள்: கொஞ்சம் கையில், கொஞ்சம் ஊரில் மாமனாரிடம், கொஞ்சம் தங்கமாக. எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் மறுபக்கம் மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு அது. யாரும் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை. மழை பொய்த்தால் ஒரு மகனைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு மகனை ரங்கூனுக்கும் அனுப்பிவிட்டு, ஒருவனை நிலத்தோடு வைத்துக்கொள்கிற நாட்டில் இது பழைய வித்தை.

பட்டணத்தில் தங்கிய ஆண்களின் பாடு வேறுவிதம். ஓட்டல்கள் பலவும் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் எந்தப் பானையில், புளி எந்த ஜாடியில் என்றுகூடத் தெரியாத குமாஸ்தாக்கள் கஞ்சி வைக்கப் பழகினார்கள். நாலைந்து வீட்டு ஆண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து படுத்தார்கள். மற்ற வீடுகளை முறைபோட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். தெருவுக்குத் தெரு "வாடகைக்கு விடப்படும்" அட்டை தொங்கியது. அரை வாடகைக்கும் ஆள் இல்லை. மாம்பலம், மயிலாப்பூர்ப் பக்கம் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு. துணிந்து வாங்கியவர்களும் உண்டு. அதே வாரங்களில் கும்பகோணம், திருச்சி, சேலம் போன்ற ஊர்களில் மாட்டுக்கொட்டிலைக்கூட மெழுகி வாடகைக்கு விட்டார்கள்.

ஊரில் வரவேற்ற வீடுகளைப் பற்றி எழுதாமல் விட்டால் கதை பாதிதான். ஆறு பேருக்குச் சமைத்த அடுப்பில் இருபது பேருக்கு உலை வைக்க வேண்டியதாயிற்று. அதற்குத் தனிச் சம்பளமும் இல்லை, மானியமும் இல்லை. கிணறு வற்றுகிற சித்திரை மாதம் வேறு. முதல் வாரம் பாசம், இரண்டாம் வாரம் முணுமுணுப்பு, மூன்றாம் வாரம் "உங்க வீட்டுக்காரர் எப்போ வரார்?" என்ற கேள்வி. மூத்த ஓரகத்திக்கும் இளைய ஓரகத்திக்கும் நடுவே பட்டணத்துப் பழக்கம், ஊர்ப் பழக்கம் என்று சண்டை. சர்க்காரின் எந்தத் திட்டத்திலும் இடம்பெறாத அந்த அடுப்படிகள்தான் அந்த மாதம் பட்டணத்து ஜனங்களைக் காப்பாற்றின. முகாம் போட்டிருந்தால் எத்தனை லட்சம் செலவாகியிருக்கும்! அந்தச் செலவை ஊர்ப் பெண்கள் தங்கள் உழைப்பால் ஈடுகட்டினார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

சொந்த ஊர் என்று ஒன்று இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், குப்பை வாரியவர்கள், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள், சேரிகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தார்கள். ஊர் என்று இருந்தாலும் அங்கே அவர்களுக்கு நிலமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. அதை விட்டு வந்தவர்கள்தான் அவர்கள். ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் அடுப்பு எரியாது. 'காலியான பட்டணம்' என்று நாம் பழகிச் சொல்லும் சொல்லுக்குள் இவர்கள் அத்தனை பேரும் மறைந்துபோகிறார்கள். குழாயில் தண்ணீர் வந்ததும், தெரு சுத்தமாக இருந்ததும், கப்பலில் சரக்கு ஏறியதும் இவர்கள் இருந்ததால்தான்.

திருவல்லிக்கேணியிலிருந்து குடிபெயர்ந்தவர்களில் எண்பத்தேழு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். உ. வே. சாமிநாதையர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தே வாழ்நாளைக் கழித்தவர், அந்த வயதில் யுத்த பயத்தால் திருக்கழுக்குன்றம் போய்த் தங்கினார். அவருடைய 'என் சரித்திரம்' அப்போது ஆனந்த விகடனில் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்திலேயே அவர் காலமானார். சரித்திரம் முடியாமலேயே நின்றது. தமிழுக்கு அந்தச் சித்திரையில் ஏற்பட்ட நஷ்டங்களைக் கணக்கிடுகிறவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கடலில் நிலைமை மாறியிருந்தது. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானம் தாங்கிக் கப்பல்கள் திருகோணமலையைத் தாக்கிய பின் கிழக்கே திரும்பிவிட்டன. சித்திரபானு வருஷம் பிறந்தபோது அவை மலாக்கா ஜலசந்திக்கு அப்பால் போய்விட்டன. சென்னைக்கு வருவதாக அரசாங்கம் நம்பிய படை வரவே இல்லை. எழும்பூர் பிளாட்பாரத்தில் நின்ற யாருக்கும் இது தெரியாது. சில மாதங்களில் அலுவலகங்கள் திரும்பின, குடும்பங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, சேதம் கொஞ்சம்தான். அந்த அக்டோபரில் பட்டணத்தை உண்மையாகவே நாசம் செய்தது கூவம் வெள்ளம்.

சென்னையில் குடும்பங்கள் செய்த அதே காரியத்தைச் சில மாதங்களுக்கு முன்பே ரங்கூனில் தமிழ்க் குடும்பங்கள் செய்திருந்தன. அங்கே விளைவு வேறாயிற்று.

1931-ல் பர்மாவில் இருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மொகல் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று வருஷக் கணக்குக்குப் போகிற ஆண்கள். மனைவி மக்கள் செட்டிநாட்டில். பிரிந்து வாழ்வது அந்தச் சமூகத்துக்குத் தொழில் முறையாகவே இருந்தது. 1930-ன் விலைச்சரிவில் அவர்களிடம் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போகவே, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. காகிதத்தில் அது பெரும் சொத்து. பர்மியர் கண்ணில் அது பெரும் குற்றம். 1938 கலவரத்திலேயே அந்தக் கோபத்தின் உருவம் தெரிந்தது. நகரத்தார் தவிர, துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் தெருக்களிலும் உழைத்த தமிழ், தெலுங்குக் கூலிக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு நிலமும் இல்லை, பேரேடும் இல்லை. கோபம் மட்டும் பங்குக்கு வந்து சேர்ந்தது.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். உடனே பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் கடையையும் கிட்டங்கியையும் பார்த்துக்கொள்ளத் தங்கினார்கள். "நிலைமை தெளிந்ததும் வந்துவிடுகிறேன்." சென்னையில் சித்திரை மாதம் எத்தனையோ வீட்டு வாசல்களில் சொன்ன அதே வார்த்தைதான். ரங்கூனில் நிலைமை தெளியவில்லை. மார்ச் முதல் வாரத்தில் கடல் வழி மூடியது. தங்கியவர்கள் நடக்க வேண்டியதாயிற்று.

மூன்று வழிகள். முதல் வழி, புரோமில் ஐராவதியைக் கடந்து, டவுங்குப் கணவாய் ஏறி, அரக்கான் கரையை அடைந்து, அக்யாப் போய், அங்கிருந்து சிட்டகாங். ஆரம்பத்தில் கிளம்பியவர்கள் அதில் போனார்கள். காலரா அங்கேதான் முதலில் பிடித்தது. இரண்டாவது, மாந்தளையிலிருந்து சிந்த்வின் ஆற்றைக் கடந்து தாமு, அங்கிருந்து மணிப்பூர் மலைகள் வழியாக இம்பால், பிறகு திமாப்பூர் ரயில். மூன்றாவது, வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லெடோ. மே மாதம் மழை இறங்கிய பிறகு ஹுகாங்கில் மாட்டியவர்களின் கதி மிகக் கொடுமை. இடுப்பளவு சேறு, அட்டை, மலேரியா, வயிற்றுப்போக்கு, பசி. அசாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் சங்கம் தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டு பாதை வெட்டி, வழியில் முகாம் போட்டு, கஞ்சியும் டீயும் கொடுத்தது. அந்த உதவி இல்லாமல் போயிருந்தால் சாவு இன்னும் பெருகியிருக்கும். ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்து நடத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு தேசம் முழுவதும் எழுந்தது. மொத்தம் ஐந்து லட்சம் பேர் பர்மாவை விட்டு வந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் செத்தவர்கள் பத்தாயிரம் என்பார் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பார் உண்டு. எண்ண ஆள் இல்லாத சாவுகளுக்கு இப்படித்தான் கணக்கு வருகிறது.

நடந்து வந்தவர்களில் ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அவர் மனைவி மங்களத்தம்மாளும் உண்டு. அவர் பின்னால் எழுதிய 'எனது பர்மா வழி நடைப் பயணம்' தமிழில் இந்த நடையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் அரிய சாட்சி. கணவனும் மனைவியும் பிரியாமல் நடந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சேர்ந்தே வந்தவர்களுக்கு வழியில் துன்பம் அதிகம். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமல் காத்திருக்கும் துன்பம் இல்லை.

அந்தக் காத்திருப்புதான் 1942-லிருந்து 1945 வரை தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. மலேயா விழுந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போய்க்கொண்டிருந்த ரஜூலா கப்பல் நின்றது. மணியார்டர் நின்றது. கடிதம் நின்றது. தஞ்சாவூர், ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்தில் ஒரு மகனோ கணவனோ அக்கரையில் இல்லாத கிராமம் குறைவு. மூன்றரை வருஷம் ஒரு வரிகூட வரவில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போனது இங்கே இருந்தவர்களுக்கு யுத்தம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

தெரியாமல் இருப்பதற்கு நம்மிடம் சடங்கு கிடையாது. செத்தால் என்ன செய்வது என்று தெரியும். வந்தால் என்ன செய்வது என்று தெரியும். வருவானா, மாட்டானா என்று தெரியாதவனுக்கு என்ன செய்வது? அவன் மனைவி பூ வைத்துக்கொள்ளலாமா? விசேஷத்துக்குக் கூப்பிடலாமா? கூப்பிட்டு முன்னால் நிறுத்தலாமா? மாமனார் வீட்டில் அவளுக்கும் குழந்தைகளுக்கும் சோறு எத்தனை நாளைக்கு? வழியில் காலராவில் போய்விட்டான் என்று கூட வந்தவர் யாராவது வந்து சொன்னாலும் தேதி சொல்லத் தெரியவில்லை. இறந்த திதி தெரியாதவருக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்ற வழக்கம் அந்த வருஷங்களில் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்பட்டது. அதைச் செய்யவும் மனம் ஒப்பாமல், தாலியோடு காத்திருந்த பெண்கள் இருந்தார்கள். 1946-ல் வாசலில் வந்து நின்றவனைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆகவே காத்திருந்தவளை முட்டாள் என்று சொல்ல முடியாது. முடித்துக்கொண்டவளைக் கல்நெஞ்சுக்காரி என்றும் சொல்ல முடியாது.

காத்திருந்தவர்களும் திரும்பியவர்களும் தினசரிப் பாட்டையும் பார்த்தாக வேண்டும். பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. அது ஒரேயடியாக நின்றது. பர்மாவின் மண்ணெண்ணெயும் நின்றது. வங்காளத்தில் 1943-ல் முப்பது லட்சம் பேர் வரை பஞ்சத்தில் மடிந்தார்கள். சென்னை மாகாணம் அந்த அளவுக்குப் போகாமல் தப்பியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரேஷன். ஆளுக்கு இத்தனை அவுன்ஸ் என்று அளந்த அரிசி, கல்லும் நெடியும் சேர்ந்தே வந்தது. அதோடு கோதுமை. சோறும் இட்லியும் தவிர வேறு தெரியாத அடுக்களைகள் கோதுமையை உடைத்துக் கஞ்சி காய்ச்சின, மாவாக்கித் தோசை வார்த்தன. பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூமில் ரவா இட்லி பிறந்தது இந்த அரிசித் தட்டுப்பாட்டில்தான் என்று சொல்வார்கள். மாதத்தின் கடைசி வாரத்தில் யார் தட்டில் குறைப்பது என்ற கணக்கைப் போட்டவர்கள் பெண்கள். தங்கள் தட்டில் குறைத்தார்கள்.

சில்லறைக்கும் பஞ்சம் வந்தது. வெள்ளி ரூபாயை ஜனங்கள் பானையில் போட்டு மூடினார்கள். காசுக்குத் தட்டுப்பாடு முற்றியதால் கடைக்காரர்கள் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உலோகத்தை மிச்சப்படுத்த 1943-ல் நடுவில் துளை போட்ட காலணா வந்தது. ஓட்டைக் காலணா! குழந்தைகள் அதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸின் பின்னால் ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் கிளீனர் பையன் காற்றுச் சக்கரத்தைக் கால்மணி நேரம் சுற்ற வேண்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். பத்து மைல் தள்ளி இருக்கும் மகளைப் பார்க்கப் போவதே ஒரு நாள் வேலையாயிற்று. கல்யாணங்களைச் சுருக்கினார்கள். தங்கம் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனாலும் தங்கம் வாங்கினார்கள். நோட்டை யாரும் முழுதாக நம்பவில்லை. எந்த அரசாங்கம் நாளைக்கு இருக்கும் என்பதே கேள்வியாக இருந்தபோது, தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதில் பணத்தைப் போட்டது பேராசை ஆகாது.

இப்படிப் பார்த்தால், குடும்பங்கள் அந்த வருஷங்களில் எடுத்த முடிவுகளில் அசட்டுத்தனம் என்று சொல்லத்தக்கது குறைவு. பிரிந்து இருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மறுபடி சேரும் வழி திறந்திருக்கிற வரைக்கும்தான். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் நடுவே கடல் மூடிக்கொண்டது. வழியைத் திறந்து வைப்பது வீட்டால் முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. 1942-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் செய்யத் தவறியது அதைத்தான். இதைக் காலனி ஆட்சியின் தற்செயலான குழப்பம் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. யாருக்கு முதலில் கப்பல், யாருக்கு எந்தப் பாதை, யாரிடம் எதைச் சொல்வது என்ற ஒவ்வொரு கட்டத்திலும் இந்தியக் குடும்பம் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டது.

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. கடிதங்கள் வரத் தொடங்கின. வந்தவற்றில் சில, எழுதியவர் செத்து வெகு நாள் ஆன பிறகு வந்து சேர்ந்தன. செட்டிநாட்டில் பேரேட்டையும் பட்டாவையும் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் மறுபடி பர்மாவுக்கு ஆள் அனுப்பப் பார்த்தன. 1947-ல் பர்மா குடிவரவுக்குச் சட்டம் போட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. முன்பு பல காலம் அங்கேயே வாழ்ந்தவரும் புது ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இருந்த பட்டாக்கள் வெறும் காகிதமாயின. ஆனாலும் பலர் போனார்கள், கடை வைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். மலை ஏறி நடந்து வந்த கால்களே மறுபடி அந்தத் துறைமுகத்தில் இறங்கின. அங்கேதான் அவர்களுக்குத் தொழில் தெரியும்.

அவர்கள் திரும்பிப் போய்ப் பதினேழு, பதினெட்டு வருஷம் கழித்து, பர்மாவில் ஜெனரல் நே வினின் ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 1964-ல் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கையில் கொண்டுபோகும் பணத்துக்கும் நகைக்கும் கடுமையான வரம்பு போட்டுக் கப்பலேற்றியது. அந்தக் கப்பல்கள் வந்து நின்றது இதே சென்னைத் துறைமுகத்தில்தான். அதில் வந்தவர்களுக்குத்தான் பிறகு வியாசர்பாடியில் குடியிருப்பு எழுந்தது, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜாரும் எழுந்தது. 1942-ல் நடந்து வந்து, 1946-ல் திரும்பிப் போய், 1964-ல் இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களைப் பற்றி அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.